தாடை ஓரத்துப் பருவும் ஆறு மாதப் பொறுமையும்



மருந்துக் கடையில் நின்று, "முகத்துல பரு போகவே மாட்டேங்குது, ஏதாவது க்ரீம் இருந்தா குடுங்க" என்று தணிந்த குரலில் கேட்கிற பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அல்ல. 28 வயது, 35 வயது, சிலருக்கு 40-கூடத் தாண்டியிருக்கும். கடைக்காரர் ஒரு சின்ன ட்யூபை எடுத்து நீட்டுகிறார். விலையும் அதிகமில்லை. ராத்திரி பூசிப் படுத்தால் மூன்றாம் நாளே சிவப்பு வடிகிறது, முகம் பளிச்சென்று ஆகிறது. இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று தோன்றுகிறது. தங்கைக்கும் பக்கத்து வீட்டுக்கும்கூட அந்த ட்யூபின் பெயர் போய்விடுகிறது.

இன்றைய பேச்சை அந்த ட்யூபிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதில் இருப்பது பல சமயம் ஸ்டீராய்டு. பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும், அதனால்தான் மூன்று நாளில் பலன் தெரிகிறது. பருவின் காரணத்தை அது தொடுவதே இல்லை. வாரக் கணக்கில் பூசினால் தோல் மெலியும். ரத்த நாளங்கள் வெளியே தெரியும். வெயிலில் போனால் முகம் எரியும். ஸ்டீராய்டே புதிய பருக்களையும் கிளப்பும். நிறுத்திப் பார்த்தால் முன்னைவிடக் கடுமையாக முகம் சிவந்து வெடிக்கும். பயந்துபோய் மறுபடி அதே ட்யூபை எடுப்பார்கள்.

இது எங்கோ ஓரிருவருக்கு நடப்பதல்ல. இந்தியாவில் 12 தோல் சிகிச்சை மையங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின, 2011-இல் வெளிவந்தது. முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2,926 பேரை விசாரித்ததில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீமை முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பலனாக, 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று விதியைத் திருத்தியது. விதி இருக்கிறது. ட்யூபும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. பல மாதமாகப் பூசி வருகிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படி விடுவது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

சரி, பள்ளிப் பருவத்தோடு போக வேண்டிய பரு 30 வயதில் ஏன் வருகிறது? நம் வீடுகளில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: "உடம்பு சூடு." இன்னொன்றும் சொல்வார்கள், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று. கல்யாணமாகி இரண்டு குழந்தை பெற்ற பிறகும் பரு வருகிற பெண் இதற்கு என்ன பதில் சொல்வாள்? வெந்தயமும் இளநீரும் குடிப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் காரணம் இருப்பது வேறு இடத்தில்.

நம் தோலின் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. அதை ஆட்டுவிப்பது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வகை. ஆண் ஹார்மோன் என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, பெண்ணின் சினைப்பையிலும் அட்ரினல் சுரப்பியிலும் அது இயல்பாகவே சுரக்கிறது. ரத்தத்தில் வரும் டெஸ்டோஸ்டிரோனைத் தோலில் உள்ள ஒரு நொதி இன்னும் வீரியமான வடிவமாக மாற்றுகிறது. சுரப்பி பெருத்து எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயை இறந்த செல்கள் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் ஒரு வகைப் பாக்டீரியா பெருகுகிறது, வீக்கம் வருகிறது. தாடை ஓரம், மோவாய், கழுத்து என்று முகத்தின் கீழ்ப்பாதியில், தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகளாக வருவதும், மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னால் கிளம்பி அப்புறம் தணிவதும் இப்படி ஹார்மோனால் வரும் பருவின் அடையாளங்கள்.

இங்கே பலரைக் குழப்புகிற விஷயம் ஒன்று உண்டு. மருத்துவர் "ஹார்மோன் பரு" என்கிறார். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் ஹார்மோன் அளவெல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியானால் மருத்துவர் தவறாகச் சொல்லிவிட்டாரா? இல்லை. ஹார்மோன் சரியான அளவில் இருந்தாலும், அதற்குச் சிலருடைய எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் செவிசாய்க்கிறது. பருவோடு வருகிற பெரும்பாலான பெண்களுக்கு நிலைமை இதுதான். அதனால் எல்லோருக்கும் பரிசோதனை தேவையில்லை. யாருக்குத் தேவை? மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள், மோவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளர்கிறவர்கள், உச்சந்தலை முடி மெலிகிறவர்கள், கருத்தரிப்பதில் சிரமம் உள்ளவர்கள். இவர்களுக்கு பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100-க்கு 8 முதல் 13 பேருக்கு அது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை கண்டறியப்படாமலே இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அந்தப் பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். பருவுக்காகப் போன இடத்தில் இது தெரியவந்தால் அது பெரிய லாபம். சில மாதங்களுக்குள் திடீரென்று குரல் தடிப்பது, உடம்பெல்லாம் முடி வளர்வது என்று இருந்தால் தள்ளிப்போடாமல் போக வேண்டும்.

நாம் விழுங்குகிற மருந்தாலும் பரு வரும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட், ஸ்டீராய்டு மாத்திரை, லித்தியம், அதிக அளவு வைட்டமின் பி12 எல்லாமே பரு போன்ற கொப்புளங்களைக் கிளப்பக்கூடியவை. அதற்காகக் காசநோய் மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொன்னால் போதும். ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்கு முதுகிலும் தோளிலும் திடீரென்று பரு வெடித்தால், பயிற்சியாளர் கொடுத்த ஊசியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய நேரம் அது.

இனி சிகிச்சை. மேலே பூசுவதிலிருந்தே தொடங்குவார்கள். அடைப்பை எடுக்க அடாப்பலீன் போன்ற ரெட்டினாய்டு, கிருமியைக் குறைக்க பென்சாயில் பெராக்சைடு, இவை இரண்டும்தான் அடித்தளம். அடாப்பலீனைப் பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்தால் பயனில்லை. பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுவதும் ராத்திரியில் மெல்லியதாகப் பூச வேண்டும். முதல் சில வாரம் தோல் உரியும், எரியும், பரு கூடியதுபோலக்கூடத் தோன்றும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசி, மேலே மாய்ஸ்சரைசர் தடவிக்கொண்டால் தாங்க முடியும். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையை வெளுக்க வைக்கும், அதற்குப் பழைய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். அசலாயிக் அமிலம் என்ற மூன்றாவது ஒன்று இருக்கிறது. பருவையும் தணிக்கும், அது விட்டுப்போகும் கருந்தழும்பையும் மங்கச் செய்யும், கர்ப்பிணிகளும் பயன்படுத்தலாம். நம் நிறத் தோலுக்கு இதை இன்னும் அதிகம் பேர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் தாடை ஓரத்து ஆழமான கட்டிகளுக்குப் பூச்சு மட்டும் போதாமல் போவது உண்டு. அப்போது ஹார்மோனின் பக்கத்திலிருந்தே தடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஸ்பைரனோலாக்டோன் என்று ஒரு மாத்திரை. மருத்துவர் எழுதித் தருவார், சீட்டை வாங்கிப் பார்த்த கடைக்காரர் "இது பிரஷர் மாத்திரையாச்சேம்மா, உங்களுக்கு எதுக்கு?" என்பார். பயந்து வாங்காமல் திரும்பியவர்கள் உண்டு. கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. சிறுநீரைக் கூட்டி, இதய நோயாளிகளின் உடம்பு வீக்கத்தை வடிக்க 60 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படும் மருந்துதான் அது. ஆண்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தை மறித்துக்கொள்ளும் குணமும் அதற்கு இருக்கிறது. பருவுக்கென்று தனியாக உரிமம் வாங்காத மருந்து என்றாலும், தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பெண்களுக்கு எழுதி வருகிறார்கள். உறுதியான சான்று மட்டும் வெகுநாள் இல்லாமல் இருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது பிரிட்டனில் நடந்த சாஃபா என்ற ஆய்வு. 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. பருவால் அவதிப்பட்ட 410 பெண்களில் ஒரு பாதிக்கு ஸ்பைரனோலாக்டோன், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடிந்தபோது, முகம் தேறியிருக்கிறதா என்று கேட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 72 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 68 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆறாவது மாதம் கேட்டபோது மருந்துப் பக்கம் 82, வெற்று மாத்திரைப் பக்கம் 63.

இந்த நான்கு எண்களையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் எத்தனை பெண்கள் இரண்டாவது மாதத்திலேயே "இதுவும் கேக்கல" என்று மருந்தை விட்டுவிட்டு வேறு மருத்துவரைத் தேடிப் போகிறார்கள்! வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் கைவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் மூன்று நாள் ட்யூப் உள்ளே நுழைகிறது. ஆகவே மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: எந்த மாதத்தில் பலனை எதிர்பார்க்கலாம், எதுவரை பொறுத்துப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றுவீர்கள் என்று. சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமையும்கூட.

ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடும்போது மாதவிடாய் முன்பின் ஆகலாம், மார்பு வலிக்கலாம், தலைவலி வரலாம், அடிக்கடி சிறுநீர் போகும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடுமோ என்பது பழைய பயம். ஆரோக்கியமான இளம் பெண்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரின் பரிசோதனைகளை அலசிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது, அதில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் பரிசோதனை அவசியம். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் இந்த மாத்திரை கூடவே கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும். ஆண்களுக்கு மார்பைப் பெருக்க வைக்கும் என்பதால் அவர்களுக்கும் கொடுப்பதில்லை.

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த கருத்தடை மாத்திரையும் பருவைக் குறைக்கும், பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு மாதவிடாயையும் ஒழுங்குபடுத்தும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், கண்ணில் மின்னல்போல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், பிரஷர் உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது. புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள மாத்திரையும், ஹார்மோன் வைத்த லூப்பும் சிலருக்குப் பருவைக் கிளப்பிவிடும். லூப் வைத்த பிறகு பரு ஆரம்பித்திருந்தால் தோல் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள், தானாக அவர் ஊகிக்க முடியாது. பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் போன்ற ஆண்டிபயாடிக் மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டுவது சரியல்ல.

எதற்கும் அடங்காத, தழும்பு விழுகிற பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் இருக்கிறது. 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆணுக்கும் கொடுக்கலாம், பெண்ணுக்கும் கொடுக்கலாம். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் வல்லமை உள்ளது. அதே வல்லமை கருவில் இருக்கும் சிசுவைக் கடுமையாகச் சிதைக்கும். சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. தோழி சாப்பிட்டு மிச்சம் வைத்த அட்டையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் வேலையை இதைக் கேட்கும் யாரும் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். எண்ணெய்ப் பலகாரத்தால் பரு வரும் என்பதற்குச் சான்று பலவீனம். சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுக்குச் சான்று பரவாயில்லை. ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வில், அப்படிப்பட்ட உணவைக் குறைத்தவர்களுக்கு 12 வாரத்தில் பரு குறைந்தது. சர்க்கரை போட்ட டீ, மைதா பரோட்டா, தட்டு நிறைய வெள்ளைச் சோறு ஆகியவற்றைக் குறைத்துப் பார்க்கலாம். ஜிம்முக்காக வே புரோட்டீன் குடிப்பவர்கள் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம். இவையெல்லாம் மருந்துக்குத் துணைதான். முகத்தில் எலுமிச்சையும் பற்பசையும் தேய்ப்பது துணைகூட இல்லை, தோலைப் புண்ணாக்கும்.

பரு அடங்கிய பிறகு நம் தோலில் பழுப்பாகவும் கறுப்பாகவும் ஒரு புள்ளி நின்றுவிடும். அது பரு அல்ல, நிறமி. மறைய மாதக் கணக்கில் ஆகும். கண்ணாடியில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுத்தான் "எதுவுமே குறையலையே" என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். விரலால் தடவிப் பாருங்கள். மேடு இல்லையென்றால் பரு போய்விட்டது என்று அர்த்தம். பகலில் சன்ஸ்க்ரீன் போட்டால் புள்ளி சீக்கிரம் மங்கும், கிள்ளினால் தழும்பாக நிலைத்துவிடும். மாதம் ஒருமுறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், நினைவைவிட அது நம்பகமானது.

கல்யாண வீட்டில், "என்னடி முகம் இப்படி ஆயிடுச்சு?" என்று நாலு பேர் நடுவே கேட்கும் சித்திகளுக்கும் அத்தைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் காலையில் உங்களுக்கு முன்பே கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பருவால் வெளியே போவதையே நிறுத்திக்கொண்டவர்கள், தூக்கம் கெட்டவர்கள், உயிரோடு இருப்பதே வீண் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தோன்றினால் அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு.

தோல் மருத்துவரிடம் போகும்போது, கடைசி மூன்று மாத மாதவிடாய்த் தேதிகளையும், இதுவரை பூசியதும் சாப்பிட்டதுமான எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். காலியான ட்யூப், நாட்டு மருந்துப் பொட்டலம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எதையும் விட வேண்டாம். அடுத்த ஓராண்டில் குழந்தை வேண்டுமா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், மேலே சொன்ன மருந்துகளில் பாதி அந்த ஒரு பதிலைப் பொறுத்தே மாறும். தனியாரிடம் போகக் கையில் பணமில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் பார்ப்பார்கள், அங்கே கட்டணம் கிடையாது.