அனத்தோத்து நிலம்

(பங்கின் ஜூபிலி ஆயத்த நாட்களில் ஆற்றிய உரை)



துன்ப வேளையில் கடவுளை நம்புங்கள் என்று சொல்வது எளிது. சொல்லுகிறவன் துன்பத்தில் இல்லாதபோது இன்னும் எளிது. ஆகவே நமது சொந்த வார்த்தைகளை ஒதுக்கிவிட்டு, காவலில் இருந்துகொண்டே நிலம் வாங்கிய ஒரு மனிதரை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர்தான் இறைவாக்கினர் எரேமியா.

கி.மு. 587-ஆம் ஆண்டளவில் நடந்தது இது. பாபிலோன் மன்னன் நெபுகத்னேசரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியா காவல்கூட முற்றத்தில் அடைபட்டிருந்தார். நகரம் வீழும், சரணடைந்தால் உயிர் பிழைப்பீர்கள் என்று ஆண்டவரின் பெயரால் சொன்னதே அவர் செய்த குற்றம். படைவீரரின் கைகளை இவன் தளரச் செய்கிறான் என்று தலைவர்கள் அரசன் செதேக்கியாவிடம் முறையிட்டார்கள்.

அந்நாளைய பேச்சுவழக்கே அப்படித்தான் இருந்தது போலும். 1935-ல் இலாக்கீசு நகரின் இடிபாடுகளில் ஸ்டார்க்கி என்ற ஆங்கிலேய ஆய்வாளர், மையால் எழுதப்பட்ட பானை ஓடுகளைக் கண்டெடுத்தார். எருசலேம் வீழுமுன் யூதாவின் படைவீரர் எழுதிய கடிதங்கள் அவை. அவற்றுள் ஒன்று, கைகளைத் தளரச் செய்யும் சொற்களைக் குறித்தே வருந்துகிறது. இன்னொன்று, இலாக்கீசின் தீ அடையாளங்களை எதிர்பார்த்திருப்பதாகவும் அசேக்காவைக் காண முடியவில்லை என்றும் தெரிவிக்கிறது. கடைசிவரை எஞ்சி நின்ற கோட்டை நகர்களாக எரேமியா நூல் 34-ஆம் அதிகாரம் குறிப்பிடுவதும் இவ்விரண்டையே.

இந்த நிலைமையில் சிற்றப்பன் மகன் அனமேல் காவல்கூடத்துக்கு வருகிறார். அனத்தோத்திலுள்ள என் நிலத்தை வாங்கிக்கொள்ளும், மீட்கும் உரிமை உமக்கே உண்டு என்கிறார். அனத்தோத்து எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். நகருக்கு வெளியே எங்கும் பகைவன் படை. அங்கே போய் நிலத்தை மிதிக்கக்கூட முடியாது. நம்மில் யார் அதற்கு முன்பணம் கொடுப்போம்?

மேலும், அது எரேமியாவின் சொந்த ஊர். ஆண்டவர் பெயரால் பேசினால் உன்னைக் கொல்லுவோம் என்று முன்பு அவரை மிரட்டியவர்கள் அவ்வூரார்தாம். உடன்பிறந்தோரே அவருக்குத் துரோகம் செய்தார்கள். அந்த ஊரில்தான் நிலம் வாங்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டார்.

எரேமியா வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, சாட்சிகளையும் ஒப்பமிடச் செய்தார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் பாரூக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் கெடாதிருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். (1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த பழஞ்சுருள்களில் சில, மண்சாடிகளில்தான் ஈராயிரம் ஆண்டுகள் தப்பிக் கிடந்தன.) இந்நாட்டில் மீண்டும் வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் வாங்கப்படும் என்பதே ஆண்டவர் அதற்குக் கொடுத்த விளக்கம்.

நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில் இந்த அதிகாரத்தைப் பத்திர விவரம் என்று வேகமாகக் கடந்துவிட்டோம். பின்னர்தான் ஒன்று கண்ணில் பட்டது. பணம் கொடுத்து, பத்திரத்தைப் பாரூக்கிடம் ஒப்படைத்த பிறகே எரேமியா செபிக்கிறார். அந்தச் செபமும் நன்றிச் செபமாக முடியவில்லை. முற்றுகை மேடுகளைப் பாரும் ஆண்டவரே, நகரம் பகைவன் கையில் விழப்போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொல்லுகிறீரே என்று முடிகிறது. புரிந்துகொண்டு கீழ்ப்படியவில்லை, கீழ்ப்படிந்துவிட்டுக் கேட்கிறார். அவரைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை. ஆகவே, வீட்டில் நோயும் கடனும் நெருக்கும்போது கடவுளிடம் முறையிட்டுவிட்டு, அது பாவமோ என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அழுகிறவர்கள் சற்றே ஆறுதல் கொள்ளலாம்.

அவருக்குக் கிடைத்த உதவியையும் பாருங்கள். சேற்றுக் கிணற்றில் அவரை இறக்கிச் சாகவிட்டபோது, வானதூதர் வரவில்லை. அரண்மனையில் பணிபுரிந்த எத்தியோப்பியரான எபேது மெலேக்கு வந்தார். கயிறு மட்டுமல்ல, பழந்துணிகளையும் கொண்டுவந்தார். கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். துன்புறுகிறவனை மீட்கும்போது அவனுக்கு வலிக்காமலும் பார்த்துக்கொண்ட அந்த வேற்று நாட்டாரை நமக்கு மிகவும் பிடிக்கும்.

நகரம் வீழ்ந்தது. ஆலயம் எரிந்தது. எரேமியாவைச் சொந்த மக்களே எகிப்துக்குக் கூட்டிச் சென்றார்கள். அனத்தோத்து நிலத்தை அவர் உழுததாக விவிலியம் எங்கும் சொல்லவில்லை. கி.மு. 538-ல் பாரசீக மன்னன் சைரஸ் அனுமதியளிக்க, யூதர் நாடு திரும்பத் தொடங்கினர். திரும்பியோரின் ஊர்வாரிக் கணக்கு எஸ்ரா நூல் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. வாசிக்கச் சலிப்பூட்டும் பட்டியல்தான். ஆயினும் 23-ஆம் வசனத்தில் சற்று நில்லுங்கள். அனத்தோத்து ஊரார் 128 பேர் அதில் இருக்கிறார்கள்.