திறனறித் தேர்வும் ஊரார் பொறுப்பும்



எட்டாம் வகுப்பில் பயிலும் நம் குழந்தைகளுக்கென்று ஒரு போட்டித் தேர்வு உண்டு. தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்பது அதன் நீண்ட பெயர். 2008-ஆம் ஆண்டில் மைய அரசு இத்திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்கு மேற்படாத பிள்ளைகளுக்கு உரியது இது. தெரிந்தெடுக்கப்படுவோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்காண்டில் 48,000 ரூபாய். “எட்டோடு நிறுத்திவிடலாம்” என்று வீட்டிலே பேச்சு எழும் பெண் குழந்தைக்கு இத்தொகை என்ன செய்யும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டிற்குரிய இடங்கள் 6,695. எழுதுவோரோ அதனினும் பன்மடங்கினர். ஆதலின் பயிற்சி வேண்டும். தேர்வு இரு பகுதிகள் உடையது. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். ஒன்று பாடத்தைப் பற்றியது. மற்றொன்று மனத்திறன் பற்றியது. 2, 6, 12, 20, 30 என்ற வரிசையில் அடுத்த எண் யாது என்பது போன்ற வினாக்கள் இதில் வரும். இடைவெளி 4, 6, 8, 10 என்று வளர்வதைக் கண்டுகொண்ட குழந்தை 42 என்று உடனே சொல்லிவிடும். காணாத குழந்தை திகைத்து நிற்கும். இது அறிவுக்குறைவன்று, பழக்கக் குறைவேயாகும்.

பயிற்சியில் குழந்தைக்கு ஊக்கம் பிறப்பது எவ்வாறு? “எதிர்வீட்டுப் பையனைப் பார்” என்று சொல்லும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அச்சொல் பையனிடம் பகையை வளர்க்குமேயன்றிப் படிப்பை வளர்ப்பதை நாம் கண்டதில்லை. சென்ற வாரம் இருபது வினாவில் எட்டுக்கு விடை கண்ட குழந்தை இவ்வாரம் பதினொன்றுக்குக் கண்டால், அதனைச் சுவரில் ஒரு தாளில் அக்குழந்தையே எழுதிவைக்கட்டும். தன் வளர்ச்சியைத் தானே காணும் குழந்தையை அதட்டத் தேவையில்லை. எழுத்தறியாத தந்தையும் இதில் துணை செய்யலாம். “இவ்விடையை எப்படிக் கண்டாய்? எனக்குச் சொல்” என்று கேட்டால் போதும். பிறருக்கு விளக்கும்போதுதான் கணக்கு மனத்தில் படிகிறது.

நாற்றங்காலுக்கு ஒரு மாதத் தண்ணீரை ஒரே நாளில் நாம் பாய்ச்சுவதில்லை. தேர்வுக்கு முந்திய வாரத்தில் நள்ளிரவு வரை விழிக்கச் செய்வது அத்தகையதே. நாள்தோறும் அரைமணி நேரம் போதும். ஆனால் அந்நேரத்தில் ஆடு மாட்டைப் பார்க்கவோ கடைக்கு ஓடவோ பிள்ளையை ஏவலாகாது. (ஏவுபவர் பெரும்பாலும் நாமேதாம்!)

தவறான விடைக்கு இத்தேர்வில் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே எவ்வினாவையும் விடையின்றி விடவேண்டாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இடம் கிடையாத பிள்ளைகளே மிகுதியாக இருப்பர். அவர்களை வீட்டில் ஏசுவோமாயின், அடுத்த ஆண்டு அவர்களுடைய தம்பி தங்கையர் பெயர் கொடுக்கவே அஞ்சுவர். அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. செய்த பயிற்சி அதற்கும் உதவும்.

ஊராட்சி செய்யக்கூடியது பெரிய செலவன்று. மாலையில் ஊராட்சிக் கட்டிடத்தையோ நூலகத்தையோ ஒரு மணி நேரம் திறந்துவைத்து, விளக்கும் பாயும் தந்து, பழைய வினாத்தாள்களின் படிகளை வாங்கி வைக்கலாம். கல்லூரியில் படிக்கும் ஊர் இளைஞர் ஒருவர் உடனிருந்தால் இன்னும் நன்று. வருமானச் சான்றிதழுக்கு அலைந்து நாள் தவறிப்போன குடும்பங்கள் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் முன்னரே பெற்று, அச்சான்றிதழுக்கு உறுப்பினர்களே வழிசெய்து கொடுப்பார்களாக.