31 ஏக்கர் இடுகாடும் 1.2 ஏக்கர் நீதியும்

(மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் கூடிய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'நிலமும் நினைவும்'. நிலம்னு சொன்ன உடனே நாம பேசுறது பஞ்சமி நிலம், குத்தகை, கூலி. அதுதான் முதல் பிரச்சினை, அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா உயிரோட இருக்கிறவனுக்கு நிலம் மறுத்த சமூகம், செத்தவனுக்கு மட்டும் கொடுத்துடுமா? அந்த ஆறடி நிலத்தைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

அதுவும் நம்ம ஊர் இடுகாடு இல்ல. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரம் ரிச்மண்ட். அங்கே இருக்கிற ஒரு இடுகாடு. எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்னு கேட்கலாம். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குச் சிறுத்தைகள் என்று பேர் வச்சது கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான். அவங்க மனுவைக் கேட்டு வாங்கினோம், பேரை எடுத்துக்கிட்டோம். அவங்க இடுகாட்டையும் ஒருமுறை பார்த்துட்டு வரலாம்.

ரிச்மண்ட் சாதாரண ஊர் இல்லை. அடிமை வியாபாரத்தில் பேர்போன சந்தை அது. அடிமைமுறையைக் காப்பாற்றுவதற்காக அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்கு 1861 முதல் 1865 வரை அதுதான் தலைநகரம்.

அந்த ஊர்ல 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கறுப்பர்களைப் புதைத்த இடம் ஷாக்கோ ஓடைக்கரை. பள்ளம். மழை பெய்தா தண்ணி அரிச்சுக்கிட்டுப் போற இடம். ஊரின் தூக்குமரமும் அங்கேதான். 1800இல் கேப்ரியேல் என்ற அடிமைக் கொல்லன் ஒரு பெரும் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டான். காட்டிக்கொடுக்கப்பட்டான். அவனையும் சேர்த்து 26 பேரைத் தூக்கிலிட்டார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டிருந்த கறுப்பர்கள் 'இந்த இடம் மனுஷனைப் புதைக்கிற இடமா?' என்று முறையிட்டார்கள். 1816இல் நகராட்சி வேறு இடம் ஒதுக்கியது. ஷாக்கோ குன்று ஆப்பிரிக்கர் இடுகாடு என்று இன்றைக்கு அழைக்கப்படுவது அதுதான். இதைக் கவனிங்க. அது தானமாக் கெடச்ச இடம் இல்ல. கேட்டு வாங்கின இடம்.

ஒதுக்கியதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு ஏக்கர் விடுபட்ட கறுப்பர்களுக்கு, ஒரு ஏக்கர் அடிமைகளுக்கு. சாவிலேயும் பிரிவினை. பக்கத்திலேயே ஊரின் வெடிமருந்துக் கிடங்கு. வெள்ளையர்களுக்கு 1822இல் சற்றுத் தள்ளி ஒரு கல்லறைத் தோட்டம் திறந்தார்கள். அமெரிக்கத் தலைமை நீதிபதியாக இருந்த ஜான் மார்ஷல் அங்கேதான் இருக்கிறார். அது இன்றைக்கும் சுற்றுச்சுவரோடு, கல்வெட்டுகளோடு இருக்கு. கறுப்பர் இடுகாடு மெல்ல மெல்ல விரிந்து சுமார் 31 ஏக்கர் ஆனது. 1879இல் இடமில்லை என்று மூடியபோது, 22,000 பேருக்கு மேல் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள் என்பது மதிப்பீடு.

அந்த 22,000 பேரும் அங்கேயே இருந்தார்களா என்பது அடுத்த கேள்வி. மருத்துவக் கல்லூரிக்கு அறுத்துப் பார்க்கப் பிணம் வேணும். வெள்ளைக்காரன் பிணத்தைத் தோண்டினா கேள்வி வரும். கறுப்பர் இடுகாட்டில் ராத்திரியில் தோண்டினா யார் கேட்கப் போறா? 1994இல் ரிச்மண்டில் மருத்துவக் கல்லூரிக்குப் புதுக் கட்டடம் கட்ட மண்ணைத் தோண்டியபோது ஒரு பழைய கிணறு வெளிப்பட்டது. உள்ளே 50க்கும் மேற்பட்ட மனிதர்களின் எலும்புகள். குழந்தைகளும் அதில் உண்டு. பெரும்பாலானவர்கள் கறுப்பர்கள். அறுத்துப் படித்துவிட்டுக் கிணற்றில் கொட்டியிருக்கிறார்கள். ஆய்வுக்காக வெளியூர் போன அந்த எலும்புகள் ரிச்மண்டுக்குத் திரும்பி வந்தது 2019இல். 25 வருஷம்! செத்த பிறகும் உழைக்க வைத்தார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

உள்நாட்டுப் போரில் கைதியாக இறந்த வடக்குப் படை வீரர்களையும் இந்த இடுகாட்டுப் பக்கம்தான் புதைத்தார்கள். போர் முடிந்ததும் அவர்களை எடுத்துப்போய் மரியாதையாகத் தேசியக் கல்லறையில் வைத்தார்கள். பக்கத்தில் கிடந்த கறுப்பர்களை எடுக்க எந்த அரசும் வரவில்லை. அரசு வந்தது வேறு வேலைக்கு. தெரு போட வந்தது. ரயில் பாதை வந்தது. 20ஆம் நூற்றாண்டில் 64ஆம் எண் நெடுஞ்சாலை இடுகாட்டை வெட்டிக்கொண்டு போனது. இருந்த துண்டு நிலத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அதுவும் பாழடைந்த பிறகு ஒரு விளம்பரப் பலகை. வரைபடத்திலிருந்து இடுகாடு என்ற சொல்லே போய்விட்டது. ஒரு இடத்தை அழிக்கணும்னா முதலில் அதன் பேரை அழிப்பார்கள். பேர் போன பிறகு புல்டோசருக்கு வேலை சுலபம்.

2017இல் ஒரு கறுப்பினப் பெண் தன் குடும்ப வரலாற்றைத் தேடிக்கொண்டு போனார். அடிமையாக இருந்த தன் மூதாதை ஒருத்தி புதைக்கப்பட்ட இடம் இது என்று பழைய ஆவணங்களில் தெரிந்துகொண்டார். போய்ப் பார்த்தா, கல்லறை இல்லை. பெட்ரோல் பங்க். அந்த ஒரு பெண் விடவில்லை. மனு, கூட்டம், ஆவணம், மறுபடி மனு. அதிவேக ரயில் திட்டமும் அந்தப் பக்கம்தான் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அவரோடு ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள், ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள். 2021இல் ரிச்மண்ட் மாநகராட்சி அந்த பெட்ரோல் பங்க் நிலத்தைக் கையகப்படுத்தியது. 2022இல் அந்த வட்டாரம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது.

எவ்வளவு நிலம் கையகப்படுத்தினார்கள்? சுமார் 1.2 ஏக்கர். 31 ஏக்கரில் 1.2 ஏக்கர்! மிச்சமெல்லாம் தார் ரோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் கட்டடங்களுக்கும் கீழே.

இங்கே ரெண்டு விதமான பேச்சு வரும். ஒன்று, 'ஆகா, மாநகராட்சி எவ்வளவு பெருந்தன்மை' என்கிற பேச்சு. இன்னொன்று, 'இதெல்லாம் கண்துடைப்பு' என்கிற பேச்சு. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

பெருந்தன்மைக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். 1816இல் இந்த இடத்தை இடுகாடாக ஒதுக்கியது இதே நகராட்சி. அதன் மேல் தெரு போக விட்டதும் அதே நகராட்சி. எடுத்தவன் திருப்பிக் கொடுப்பது தானம் ஆகாது, பாக்கி தீர்ப்பது. அதுவும் முதல் தவணைதான். எந்த ஆண்டு நடந்தது என்றும் பாருங்கள். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ரிச்மண்டில் 1890இல் வைத்த தளபதி லீயின் பிரம்மாண்டமான சிலை 2021இல்தான் இறக்கப்பட்டது. அதே 2021. தெருவில் கூட்டம் இல்லாமல் அலுவலகத்தில் கோப்பு நகராது.

கண்துடைப்பு என்பவர்களுக்குப் பணக்கணக்கு ஒன்று சொல்றேன். ரிச்மண்டில் ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் என்று ஒன்று உண்டு. அடிமைமுறைக்காகப் போரிட்ட 18,000 படைவீரர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் நினைவாக 1869இல் கட்டிய 90 அடி கல் பிரமிடு நிக்குது. அந்த மாதிரிக் கல்லறைகளைப் பராமரிக்க வர்ஜீனியா மாநில அரசு பல பத்தாண்டுகளாக மக்கள் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவந்தது. அந்த வரியைக் கறுப்பர்களும்தான் கட்டினார்கள். தன் பாட்டன் கல்லறை முள்ளுக்காடாக் கெடக்க, பாட்டனைச் சவுக்கால் அடித்தவன் கல்லறைக்குப் பூச்செடி வைக்கக் காசு கட்டினார்கள். 2017இல் டெலோரஸ் மெக்வின் என்ற கறுப்பினப் பெண் சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தால்தான் கறுப்பர் கல்லறைகளுக்கும் நிதி வந்தது. ஒரு கல்லறைக்கு வருஷத்துக்கு 5 டாலர். முதலில் எவர்கிரீன், ஈஸ்ட் எண்ட் என்ற இரண்டு இடங்களுக்கு, 6,975 கல்லறைகளுக்கு. 5 டாலர் பெரிய காசு இல்லை. ஆனா அரசின் கணக்குப் புத்தகத்தில் கறுப்பன் கல்லறையும் ஒரு கல்லறை என்று எழுதப்பட்டது. அதைக் கண்துடைப்பு என்று தள்ள என்னால் முடியாது.

இந்த எவர்கிரீன் இடுகாட்டின் கதையையும் சொல்லணும். நிலத்தை வாங்கிட்டா போதுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கு. கறுப்பர்கள் 1891இல் தாங்களே தொடங்கியது எவர்கிரீன். மேகி வாக்கர் அங்கே இருக்கிறார். 1864இல் பிறந்தவர், துணி துவைத்துப் பிழைத்த தாயின் மகள். 1903இல் ரிச்மண்டில் வங்கி தொடங்கினார். அமெரிக்காவில் வங்கி தொடங்கிய முதல் கறுப்பினப் பெண். அவர் தலைமை தாங்கிய செயின்ட் லூக் சங்கம் எதற்காக ஆரம்பிக்கப்பட்டது தெரியுமா? நோயாளிக்கு உதவவும், செத்தவரை மரியாதையாக அடக்கம் செய்யவும். சாவுக்குச் சேர்த்த சில்லறையிலிருந்து ஒரு வங்கியே வளர்ந்திருக்கு. படுகொலைகளை எதிர்த்துத் துணிந்து எழுதிய 'ரிச்மண்ட் பிளானட்' பத்திரிகையின் ஆசிரியர் ஜான் மிட்செல், 1929இல் இறந்தவர், அவரும் அங்கேதான்.

இப்படிப்பட்ட இடம் மரமும் கொடியும் மூடிக் காடாகிப் போனது. பராமரிக்க நிதி இல்லை. கிழவர்கள் செத்தார்கள், பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள். தொண்டர்கள்தான் வாரம் தவறாமல் வந்து கொடியை அறுத்துக் கல்லறைகளைக் கண்டெடுத்தார்கள். பிறகு ஒரு தொண்டு நிறுவனம் 2017இல் எவர்கிரீனையும் 2019இல் ஈஸ்ட் எண்டையும் வாங்கியது. பெரிய பெரிய திட்டமெல்லாம் போட்டது. 2022இல் அந்த நிறுவனமே கலைந்துபோனது. இடுகாடு மறுபடி அநாதை. 2024இல்தான் மாநகராட்சி அவற்றை ஏற்றுக்கொண்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கிற பாடம் இது. தொண்டு நிறுவனம் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. ஆகவே பொறுப்பு உள்ளாட்சியின் தலையில்தான் இருக்க வேண்டும். ஆனா உள்ளாட்சியிடம் விட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. ஓடைக்கரைப் பழைய இடுகாடு ஞாபகம் இருக்கா, கேப்ரியேல் காலத்து இடுகாடு? அது ஒரு பல்கலைக்கழகத்தின் கார் நிறுத்துமிடமாக இருந்தது. வருஷக்கணக்கில் மக்கள் போராடினார்கள். கைதானார்கள். 2011இல் நிலம் மாநகராட்சிக்கு மாற்றப்பட்டு, தார் பெயர்க்கப்பட்டது. இடத்தை வாங்குவது ஒரு நாள் கையெழுத்து. அங்கே என்ன எழுதுவது, யார் பேரைச் சொல்வது, யார் முடிவெடுப்பது என்பது நீண்ட சண்டை. அந்தச் சண்டையில் இறந்தவர்களின் வழித்தோன்றல்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுக்காக வேறு யாரோ அல்ல.

நம்ம பக்கம் வருவோம். இங்கே இடுகாட்டுக்கு முன்னால் பாதையே பிரச்சினை. 2016 ஜனவரியில் அன்றைய நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப் பாதையில் தலித் முதியவரின் உடலைக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே சொல்லியும் கொண்டுபோக விடவில்லை. 2019 ஆகஸ்டில் அன்றைய வேலூர் மாவட்டம் நாராயணபுரத்தில் பாலத்தின் மேலிருந்து பாலாற்றுக்குள் பிணத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். நாம் இதையெல்லாம் அவமானம் என்று பேசுகிறோம், கொதிக்கிறோம். அடுத்த சாவு வரைக்கும் மறந்துவிடுகிறோம்.

ரிச்மண்ட் பெண் கொதித்ததோடு நிற்கவில்லை. ஆவணத்தைத் தேடினார். மாணவத் தோழர்களே, உங்களிடம் கேட்பது அதுதான். உங்க ஊர் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போங்க. 'அ' பதிவேட்டில் நம்ம இடுகாடு எந்தச் சர்வே எண்ணில் இருக்கு, எத்தனை சென்ட், மயானம்னு இருக்கா வெறும் புறம்போக்குன்னு இருக்கா, பாருங்க. புலப்படத்தில் பாதை இருக்கா? பதிவில் இல்லாத பாதை நாளைக்கு யாரோ ஒருத்தர் வரப்பாக மாறும். பெரியவங்க உயிரோட இருக்கும்போதே யாரை எங்கே புதைச்சோம்னு கேட்டு எழுதி வைங்க. கூலிப் போராட்டத்தில் செத்தவர், முதன்முதல்ல பள்ளிக்கூடம் போனவர், பறையடிக்க மாட்டேன்னு சொன்னவர், எல்லாரும் அங்கேதான் பேர் இல்லாம கெடக்கிறாங்க. நமக்குக் கல்வெட்டு கிடையாது. அந்த மண்மேடுதான் நம்ம ஆவணக் காப்பகம்.

தனி இடுகாடே கூடாது, பொது மயானம்தான் வேணும் என்பது நம் கோரிக்கை. அதில் மாற்றமில்லை. தனியாகத் தள்ளப்பட்டதற்கான சாட்சியத்தையும் சேர்த்து அழித்துவிட்டு அதைப் பொது என்று சொல்லிவிடக் கூடாது என்பதுதான் நான் சேர்க்க விரும்புவது. ரெண்டையும் சேர்த்தே கேட்போம். ஊராட்சியிலே தீர்மானமாக் கேட்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு சர்வே எண்ணோட வாங்க.

ஜெய்பீம்.