விடுதிப்பள்ளிப் பரீட்சையும் நம் பிள்ளைகளும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத் தாங்கி வருகின்றன. ‘என் மகனுக்குச் சைனிக் பள்ளியில் இடம் கிடைக்குமா?’ என்பதே அக்கேள்வி. பையனுடைய வயதை எழுதுவோர் சிலர். வகுப்பில் அவன் முதலாவதாக நிற்பதை எழுதுவோர் பலர். பரீட்சையில் எந்தப் பாடத்திற்கு எத்தனை மதிப்பெண் என்பதை அறிந்து எழுதுவோரை இன்னும் நாம் கண்டோமில்லை. ஆகையால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை எழுதுவதினும், இச்சபையில் ஒருமுறை விரித்துரைப்பதே நலமென்று எண்ணினோம்.

நம் மாநிலத்தில் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962-ஆம் ஆண்டில் சைனிக் பள்ளி நிறுவப்பெற்றது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அகில இந்தியப் பரீட்சை ஒன்றின் வாயிலாகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இப்பள்ளியில் இடம்பெறும் வாய்ப்பை மதிப்பிடுதல் என்றால் பிள்ளையின் புத்தியை அளத்தல் என்று பலர் கருதுகின்றனர். அஃது அன்று. வயது, சான்று, இடங்களின் தொகை, பிள்ளை இன்று வாங்கக்கூடிய மதிப்பெண் என்னும் நான்கையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்த்தலே மதிப்பீடாகும். இவற்றுள் முதலிரண்டும் பிள்ளையின் கையில் இல்லை. பெற்றோரின் கையில் இருக்கின்றன.

வயதைப் பற்றி முதலிற் கூறுவோம். ஆறாம் வகுப்பிற்குச் சேரும் ஆண்டின் மார்ச் 31-ஆம் தேதியன்று பத்து வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பன்னிரண்டைக் கடந்திருத்தல் கூடாது. 2025-26 சேர்க்கைக்கு 2013 ஏப்ரல் 1 முதல் 2015 மார்ச் 31 வரை பிறந்தவர்களே உரியவராயினர். நம் சங்கத்தாருள் ஒருவர், சிறு மளிகைக்கடை நடத்துபவர், தம் மனைவியின் நகையை அடகு வைத்து மகனை இரண்டாண்டு ஒரு பயிற்சி நிலையத்திற் படிக்க வைத்தார். பையனும் விடியற்காலையில் எழுந்து படித்தான். விண்ணப்பம் எழுத உட்கார்ந்த அன்றுதான் பையன் பதினொரு நாள் மூத்தவன் என்பது தெரியவந்தது. பயிற்சி நிலையத்தாரும் பிறந்த தேதியைக் கேட்டாரில்லை, தகப்பனாரும் பார்த்தாரில்லை. ‘நான் என்னப்பா தப்புச் செய்தேன்?’ என்று அப்பிள்ளை கேட்டானாம். அதனை நம்மிடம் சொல்லும்போது அவர் கண்கலங்கினார். நமக்கும் மறுமொழி தோன்றவில்லை.

அவனுக்கு ஒன்பதாம் வகுப்பின் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அதற்குப் பதின்மூன்று முதல் பதினைந்து வரை வயதெல்லை. ஆனால் அவ்வகுப்பில் இடங்கள் குறைவு. வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில். மொத்த மதிப்பெண் 400, அதிற் பாதியாகிய 200 கணக்கிற்கே உரியது. ஆறாம் வகுப்புப் பரீட்சையையோ தமிழிலேயே எழுதலாம். இச்செய்தி நம்மவரிற் பாதிப்பேருக்குத் தெரியாது. தமிழ் வழியிற் படிக்கும் பிள்ளையை ஆங்கில வினாத்தாளுக்குப் பழக்கி, தெரிந்த கணக்கையும் தெரியாமற் செய்துவிடுகின்றோம். உள்ளே சேர்ந்தபின் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடக்குமாதலால் அம்மொழியைக் கற்பிக்க வேண்டியது உண்மையே; ஆயினும் பரீட்சைக்குரிய மொழி வேறு, பின்னர்ப் படிப்பிற்குரிய மொழி வேறு.

சான்றைக் குறித்து ஒரு வார்த்தை. நம்மிடமுள்ள மாநிலச் சாதிச் சான்றே போதுமென்று இருந்துவிடுதல் கூடாது. இதர பிற்பட்ட வகுப்பினர் என்று மத்திய சர்க்கார் பட்டியலில் இருந்தாலன்றி அவ்வொதுக்கீடு கிடையாது. பட்டியலில் இருப்பினும், வளமான பிரிவைச் சார்ந்தவரல்லர் என்று காட்டும் தனிச் சான்றைத் தாசில்தார் அலுவலகத்திற் பெறவேண்டும். அதற்குரிய வருமான எல்லை 2017-ஆம் ஆண்டில் எட்டு லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. இச்சான்று இல்லாத பிள்ளை பொதுப் பிரிவிலே எண்ணப்படுவான்.

இதனால் வரும் வேறுபாட்டைக் கணக்கிட்டே பார்ப்போம். ஒரு பள்ளியில் நூறு இடம் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கிற்காகச் சொல்வது. அவற்றுள் 67 அப்பள்ளி இருக்கும் மாநிலத்தார்க்கு; எஞ்சிய 33 பிற மாநிலத்தார்க்கு. அந்த 67-இல் பட்டியல் சாதியினர்க்கு நூற்றுக்குப் பதினைந்து, பழங்குடியினர்க்கு ஏழரை, இதர பிற்பட்டோர்க்கு இருபத்தேழு. ஆக நம் பிள்ளைகளுக்கென்று நிற்பவை சுமார் 18. மீதமாகும் ஏறத்தாழ 34-இலும் நாலில் ஒரு பங்கு படைவீரர் மக்களுக்குப் போக, பொதுவில் நிற்பவை 25. பெண்மக்களுக்குப் பத்தில் ஒரு பங்கு அல்லது பத்து இடம், எது மிகுதியோ அது உண்டு. நூறு என்று கேட்டு மகிழ்ந்த தகப்பனார், தம் மகன் போட்டியிடுவது பதினெட்டிற்கே என்று அறியும்போது முகம் வாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். முன்கூட்டி வாடுதல் நன்று. பின்னர் வாடினால் பிள்ளையும் உடன் வாடும்.

இனி மதிப்பெண். ஆறாம் வகுப்புப் பரீட்சையில் 125 வினாக்கள். காலம் 150 நிமிஷம். ஒரு வினாவிற்கு 72 விநாடியே கிடைக்கும். மொத்தம் 300 மதிப்பெண். கணக்கில் 50 வினாக்கள், ஒவ்வொன்றிற்கும் மூன்று. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகிய மூன்றிலும் இருபத்தைந்து வினாக்கள், ஒவ்வொன்றிற்கும் இரண்டு. பிழையான விடைக்குக் குறைப்பு இல்லை. ஆதலால் எதனையும் வெறுமையாக விடவேண்டுவதில்லை.

ஒரு பையன் கணக்கில் 25, மொழியில் 22, பொது அறிவில் 20, நுண்ணறிவில் 18 வினாக்களுக்குச் சரியாக விடையளித்தான் என்று கொள்வோம். அவன் பெறுவது 195. அம்மூன்று பகுதிகளிலும் அவன் தவறவிட்டவை பதினைந்து. அப்பதினைந்தையும் ஒன்றுவிடாமற் சரிசெய்தாலும் ஏறுவது முப்பது மதிப்பெண்ணே. கணக்கிலோ பத்து வினாக்கள் கூடினால் அதே முப்பது வந்துவிடும். நம் வீடுகளில் நடப்பது என்ன? தலைநகரங்களையும் விருதுப் பெயர்களையும் இரவு பதினொரு மணிவரை உருப்போடச் செய்கிறோம். பின்னமும் சதவீதமும் வந்தால் ‘அதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒதுங்கிவிடுகிறோம். உருப்போடச் செய்வது எளிது; அதுவே காரணம்.

தகுதி மதிப்பெண் என்பதைக் கண்டு மயங்குதல் மற்றொரு பிழை. ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 25-உம் மொத்தத்தில் நூற்றுக்கு 40-உம் வேண்டும் என்று சமீப ஆண்டுகளின் அறிவிக்கைகள் கூறுகின்றன. மொத்தத்தில் 120 வாங்கினவன் தகுதி பெற்றவன்; இடம் பெற்றவன் அல்லன். தகுதி பெற்றவர் பலர். இடமோ நாம் மேலே எண்ணிய அளவே. ஆதலின் நாம் தேடவேண்டிய எண் 120 அன்று. முந்தின ஆண்டுகளில் அதே பள்ளியில், அதே பிரிவில், கடைசி இடத்தைப் பெற்ற பிள்ளையின் மதிப்பெண் எதுவோ, அதுவே நம் அளவுகோல். வேறு மாநிலத்துப் பள்ளியின் எண்ணைக் கொண்டோ, பொதுப் பிரிவின் எண்ணைக் கொண்டோ நம் பிள்ளையை அளப்பது பிறன் காற்செருப்பை மாட்டிப் பார்ப்பது போலாம்.

அளப்பதெப்படி? பழைய வினாத்தாள் மூன்றை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில், கடிகாரத்தை எதிரில் வைத்து, தாகத்திற்குத் தண்ணீர் தவிர வேறொன்றும் கொடாமல் எழுதச் செய்க. திருத்துகிறவர் தகப்பனாராக இராமல் அயலாராக இருத்தல் நலம். தகப்பனார் அரைப் பிழையை முழுச் சரியாக்கும் இயல்புடையவர். மூன்றிலும் உயர்ந்த எண்ணை விட்டுத் தாழ்ந்த எண்ணைக் கொள்க. அது அளவுகோலுக்கு மேல் இருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். பத்துப் பதினைந்து குறைவாயின் கணக்கிற் கருத்தூன்றி உழைக்கலாம். அறுபது எழுபது குறைந்து, பரீட்சைக்கு மூன்றே மாதம் இருப்பின், விண்ணப்பம் போடுவதில் தடையில்லை. நகையை அடகு வைப்பதில் தடை உண்டு. வகுப்பில் முதல்வன் என்பதைக் கொண்டு ஒன்றும் துணிய இயலாது. இருபது பேரில் முதல்வனும் இருநூறு பேரில் முதல்வனும் ஒருவரல்லர்.

எழுத்துப் பரீட்சையில் தேறியபின் வைத்தியப் பரிசோதனை உண்டு. கண், காது முதலியவற்றை முன்னரே ஒரு வைத்தியரிடம் காட்டிவிடுவது நல்லது.

டேராடூனில் 1922-ஆம் ஆண்டு தொடங்கிய இராணுவக் கல்லூரியைப் பற்றியும் சிலர் கேட்டனர். எட்டாம் வகுப்பிற் சேர்க்கும் அப்பள்ளிக்கு ஆண்டுக்கு இருமுறை பரீட்சை நடக்கிறது. இடங்கள் மிக மிகச் சில. சைனிக் பரீட்சையிலே தடுமாறும் பிள்ளைக்கு அதனை நாம் சொல்லமாட்டோம். நவோதயாப் பள்ளியோ தமிழ்நாட்டில் இல்லை; புதுச்சேரி, காரைக்காலில் வாழும் நம் குடும்பத்தார்க்கு அவ்வழி உண்டு.

தாய்மார்கள் இதுவரை பொறுமையோடு கேட்டிருந்தீர்கள். உங்களிடமே கேட்கவேண்டிய ஒன்று உளது. பத்து வயதுப் பிள்ளை வீட்டைவிட்டு இருப்பானா என்பதை எந்த வினாத்தாளும் காட்டாது. பாட்டி வீட்டில் ஒரு வாரம் தனியே இருந்தானா, தன் துணியைத் தானே மடிப்பானா, உடம்புக்கு வந்தால் பிறரிடம் வாய்திறந்து சொல்வானா என்பவற்றை நீங்களே அறிவீர்கள். அவனுக்கு விருப்பம் உண்டா என்று தகப்பனார் இல்லாத வேளையில் ஒருமுறை கேளுங்கள். தகப்பனார் எதிரில் எல்லாப் பிள்ளைகளும் ‘ஆம்’ என்றே சொல்வார்கள்.

அந்த மளிகைக்கடைக்காரர் மகன் இப்போது உள்ளூர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதா வேண்டாமா என்று இம்முறை அவனையே கேட்டோம். கணக்கு மட்டும் படித்துப் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்றான். வரும் மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் சங்கக் கட்டடத்தில் மாதிரிப் பரீட்சை ஒன்று வைக்கிறோம். அவனும் வந்து எழுதுவான். பிள்ளைகளை அழைத்து வருவோர் பிறப்புச் சான்றையும் உடன் கொண்டு வருக. வினாத்தாளைக் கொடுக்குமுன் அதனையே முதலிற் பார்ப்போம்.