ஒளி வரும் நேரமும் பொருளும்



மொழியியல் பயின்ற ஒருவருக்கு விண்வெளியில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். ஒரு குறி எவ்வாறு பொருளைத் தாங்குகிறது என்பது எங்கள் துறையின் அடிப்படைக் கேள்வி. விண்வெளிப் பொறியாளர்களும் அதே கேள்வியைத்தான் எதிர்கொள்கின்றனர்.

2023 அக்டோபர் 13ஆம் நாள் நாசா, 'சைக்கி' என்னும் விண்கலத்தை அதே பெயர் கொண்ட சிறுகோளை நோக்கி ஏவியது. அதில் லேசர்த் தகவல்தொடர்புக் கருவி ஒன்று சோதனைக்காகப் பொருத்தப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள், ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து அக்கருவி ஒரு பூனையின் காணொளியை அனுப்பியது. விநாடிக்கு 267 மெகாபிட் வீதம் அனுப்பப்பட்ட அந்த ஒளி, 101 விநாடிகளில் கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத்தை அடைந்தது.

வானொலி அலையைவிட அகச்சிவப்பு லேசரின் அலைநீளம் ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. ஆகவே அதன் கற்றை குறைவாகவே விரிகிறது. அனுப்பிய ஆற்றலில் கூடுதல் பங்கு நம்மை வந்தடைகிறது. ஆனால் குறுகிய கற்றைக்குக் குறி தவறலாகாது. பூமி இப்போது தோன்றும் இடத்தை அன்று, ஒளி வந்துசேரும்போது அது இருக்கப்போகும் இடத்தையே கணித்து நோக்க வேண்டும். மேகம் மறைத்தாலும் தொடர்பு அறும்.

இத்தனை தொலைவைக் கடந்து தொலைநோக்கிக்குள் விழும் ஒளித்துகள்கள் மிகச் சிலவே. எனவே ஒவ்வொரு துடிப்பிலும் இயன்ற அளவு செய்தியை ஏற்ற வேண்டும். அதற்குக் காலத்தை நுண்ணிய கூறுகளாகப் பகுக்கின்றனர். சான்றாக, 16 கூறுகளுள் ஏதேனும் ஒன்றில் மட்டும் துடிப்பு வரும். எந்தக் கூற்றில் வந்தது என்பதே செய்தி. அவ்வாறு ஒரே துடிப்பு 4 பிட் தகவலைத் தந்துவிடுகிறது.

'பல்', 'பால்' என்று சொல்லிப் பாருங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பொருளை மாற்றுவது கால அளவு. நாம் ஒலி நீளும் அளவைக் கேட்கிறோம். அவர்கள் ஒளி வரும் கணத்தைக் குறிக்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. நம் முன்னோர் லேசரை அறிந்திருந்தனர் என்றும் நான் கூறவில்லை. காலம் பொருளைத் தாங்கும் என்னும் கருத்து தமிழ் மாணவருக்குப் புதிதன்று என்றே கூறுகிறேன்.

கலைச்சொல் கிடைத்துவிட்டால் பணி முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. அது பிழை. 'ஒளியியல் தகவல்தொடர்பு' என்பதை மனப்பாடம் செய்த மாணவர் அதன் காரணத்தைத் தமிழில் விளக்க இயலாவிடில், அச்சொல் வெறும் ஒலியே.

ஆசிரியர்களே, மாணவர்களை விளக்கச் சொல்லுங்கள். 'லேசர்', 'பிட்' என்னும் சொற்கள் கலந்தால் தடுக்காதீர்கள். வாக்கியம் தமிழாகவும் காரணம் தெளிவாகவும் இருக்கட்டும். தமிழில் சிந்திக்கும் பழக்கம் அங்கேதான் வேர்கொள்ளும்.