எஞ்சின் தலையாட்டுதா, பாருங்க

பாட்காஸ்ட் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

மாடல் ரயில்ல டிசிசி பக்கம் போனவங்க கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "டீகோடரை மாட்டிட்டேன். புரோகிராமிங் டிராக்ல வெச்சு சிவி படிக்கச் சொன்னா எரர்னு வருது. டீகோடர் செத்துப் போச்சா?"

பெரும்பாலும் இல்லை. ஆனா அந்த எரரைப் பார்த்த உடனே மக்கள் எடுக்கிற முடிவுகள்தான் பயமா இருக்கு. ஒரு நல்ல சவுண்ட் டீகோடரை வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு சுமாரான ஸ்மார்ட்போன் விலை ஆயிடும். அதை உயிரோட இருக்கும்போதே ஓரங்கட்டிடறாங்க. இன்னொரு கூட்டம், "புரோகிராமிங் டிராக்தான் சரியில்ல போல, நேரா மெயின் டிராக்ல ஓட்டிப் பாத்துடுவோம்"னு வெச்சு, நல்லா இருந்த டீகோடரை நிஜமாவே எரிச்சுடறாங்க. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். எரர் மெசேஜ் என்ன சொல்லுதுங்கறது புரியல.

புதுசா கேக்கறவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. பழைய டிசி முறையில தண்டவாளத்துல வோல்டேஜைக் கூட்டினா எஞ்சின் வேகமா ஓடும், குறைச்சா மெதுவா ஓடும். அதே டிராக்ல ரெண்டு எஞ்சின் நின்னா ரெண்டும் சேர்ந்தே ஓடும். டிசிசில தண்டவாளத்துல எப்பவுமே முழு வோல்டேஜ் இருக்கும். அந்த மின்சாரத்துக்குள்ளயே கட்டளையும் போகும். மின்சாரம் திசை மாறி மாறிப் பாயுது இல்லையா, ஒரு திசையில 58 மைக்ரோசெகண்ட் இருந்தா அது 1. 100 மைக்ரோசெகண்டோ அதுக்கு மேலயோ இருந்தா அது 0. எஞ்சினுக்குள்ள இருக்கிற டீகோடர் இதைப் படிச்சு, "இது என் முகவரிக்கு வந்ததா?"ன்னு பார்த்துட்டு மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியோட லென்ஸ் நிறுவனம் உருவாக்கின இந்த முறையை அடிப்படையா வெச்சுதான், அமெரிக்காவுல இருக்கிற என்எம்ஆர்ஏங்கற மாடல் ரயில் சங்கம் 1990கள்ல பொதுத் தரமா வெளியிட்டாங்க. அதனாலதான் ஒரு கம்பெனி டீகோடர் இன்னொரு கம்பெனி கன்ட்ரோலரோட பேசுது.

சிவிங்கறது டீகோடருக்குள்ள இருக்கிற நினைவுப் பெட்டி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், உள்ளே 0ல இருந்து 255 வரைக்கும் ஒரு மதிப்பு. சிவி 1ல முகவரி இருக்கும், புது டீகோடர்னா வழக்கமா 3. சிவி 3ல வேகம் எடுக்கிற நிதானம். சிவி 8ல தயாரிச்ச கம்பெனியோட எண்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். மேல சொன்ன அமைப்புல கட்டளை எல்லாம் ஒரே திசையில போகுது, கன்ட்ரோலர்ல இருந்து எஞ்சினுக்கு. எஞ்சின் பதில் சொல்ல வழியே இல்லை. அப்புறம் சிவியை எப்படிப் "படிக்க" முடியுது?

டீகோடர் தலையாட்டுது, அவ்வளவுதான். நிஜமாவே.

சர்வீஸ் மோட்ல கமாண்ட் ஸ்டேஷன் கேள்வி கேட்கும், டீகோடர் "ஆமாம்"னா மட்டும் ஒரு கணம் மோட்டாரை இயக்கி மின்சாரத்தை இழுக்கும். தரநிர்ணயப்படி அது குறைஞ்சது 60 மில்லிஆம்ப், கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட் நேரத்துக்கு. "இல்லை"ன்னா ஒண்ணும் பண்ணாது, சும்மா இருக்கும். கமாண்ட் ஸ்டேஷன் அந்த மின்சார ஏற்றத்தைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். சிவி படிக்கும்போது எஞ்சின் லேசா துள்ளித் துள்ளி நகர்றதைப் பாத்திருப்பீங்க. கோளாறு இல்ல, அதுதான் பதில்.

கேள்வியும் ஆமாம், இல்லை வகைதான். "உன் மதிப்பு என்ன?"ன்னு கேட்க முடியாது. பழைய முறையில "0வா? 1ஆ? 2ஆ?"ன்னு தலையாட்டுற வரைக்கும் ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டே போகணும். டைரக்ட் மோட்ல 8 பிட்டையும் தனித்தனியா கேட்டுட்டு, கடைசியா "அப்ப இதுதானே?"ன்னு ஒரு தடவை உறுதி பண்ணிக்கும். வாய் திறக்காத சாட்சியை வக்கீல் குறுக்கு விசாரணை பண்ற மாதிரி.

இது புரிஞ்சா எரர் மெசேஜோட அர்த்தமே மாறிடும். "சிவி படிக்க முடியவில்லை"ன்னா, "யாரும் தலையாட்டினதை நான் பாக்கல" அப்படிங்கறதுதான் அர்த்தம். டீகோடர் செத்துட்டா தலையாட்டாதுதான். ஆனா உயிரோட இருந்தும் தலையாட்ட முடியாம போறதுக்கும், ஆட்டினது தெரியாம போறதுக்கும் வரிசையா காரணம் இருக்கு.

முதல்ல அழுக்கு. சலிப்பான பதில்தான், ஆனா இதுதான் அதிகம். நம்ம வீட்டு ஃபேன் தூசி, சக்கரத்துல படிஞ்ச கரி. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில நனைச்சுத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைச்சுட்டு, எஞ்சினை விரலால லேசா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மறுபடி படிச்சுப் பாருங்க. அழுத்தினா படிக்குது, விட்டா படிக்கலைன்னா கேஸ் முடிஞ்சது.

ரெண்டாவது, மோட்டார். பதில் சொல்றதே மோட்டார் வழியாதான். மோட்டார் வயரை இணைக்காம டீகோடரை மட்டும் மேஜை மேல வெச்சு டெஸ்ட் பண்ணா எரர்தான் வரும். அப்படிப் பண்ணணும்னா ஆரஞ்சு, சாம்பல் வயர்களுக்கு நடுவுல மோட்டாருக்குப் பதிலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைப் போடலாம். புரோகிராம் பண்ண மட்டும்தான், ஓட்டிப் பார்த்தா ரெசிஸ்டர் சூடாயிடும். சின்ன எஞ்சின்கள்ல வர்ற கோர்லெஸ் மோட்டார் ரொம்பக் கம்மியா மின்சாரம் எடுக்கும், அதனால தலையாட்டினாலும் தெரியாது. ஆர்டுயினோ மெகாவையும் மோட்டார் ஷீல்டையும் வெச்சு டிசிசி-இஎக்ஸ் கட்டினவங்களுக்கு இங்க ஒரு வசதி: எத்தனை மில்லிஆம்ப் ஏறினா "ஆமாம்"னு எடுத்துக்கணுங்கற அளவை நீங்களே குறைக்கலாம்.

மூணாவது, கபாசிட்டர். டிராக்ல ஒரு கணம் கரண்ட் விட்டுப் போனாலும் எஞ்சின் நிக்காம இருக்கறதுக்காக வைக்கிற கீப்-அலைவ். புரோகிராமிங் டிராக்ல கரண்ட் வந்த உடனே அது தன் வயித்தை நிரப்பிக்கும். அந்த இரைச்சல்ல தலையாட்டல் காணாம போயிடும். சில சவுண்ட் டீகோடர்களுக்கும் ஆரம்பத்துலயே தேவை அதிகம். இதுக்குன்னே புரோகிராமிங் டிராக் பூஸ்டர்னு தனியா விக்கறாங்க. இல்லைன்னா கபாசிட்டரைக் கழட்டிட்டு படிங்க.

சிவி 15, 16னு ஒரு பூட்டு வசதியும் சில டீகோடர்ல உண்டு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதா இருந்தா அதையும் சந்தேகப்படலாம்.

இப்ப அந்த "நேரா மெயின் டிராக்ல வெச்சுடலாம்" ஆட்களுக்கு. புரோகிராமிங் டிராக்ல மின்சாரத்துக்கு வரம்பு இருக்கு, தரநிர்ணயத்துல 250 மில்லிஆம்ப். வயரிங் தப்பா இருந்தாக்கூட டீகோடர் பெரும்பாலும் பிழைச்சுக்கும். மெயின் டிராக்ல சில ஆம்பியர் தயாரா நிக்குது, அது மன்னிக்காது. அதனால புது டீகோடர் மாட்டின எஞ்சினுக்கு முதல் இடம் புரோகிராமிங் டிராக்தான். அங்க எரர் வந்தா, அதை எச்சரிக்கையா எடுத்துக்கணும். சுத்தி வளைச்சுப் போகக் கூடாது.

பழைய டிசி எஞ்சின்ல டீகோடர் மாட்டறவங்க இதை ரொம்பக் கவனமா கேளுங்க. அதுல பல மாடல்கள்ல மோட்டாரோட ஒரு முனை நேரா சேஸிஸைத் தொட்டுக்கிட்டு இருக்கும், சேஸிஸ் தண்டவாளத்தோட பேசிக்கிட்டு இருக்கும். டீகோடர் மோட்டாருக்குக் கொடுக்கிற பாதையும் தண்டவாளமும் ஒட்டினா முடிஞ்சது. டீகோடர் மாட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை பீப் மோட்ல வெச்சு, மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல பாருங்க. ரெண்டு முனையையும் ரெண்டு பக்கச் சக்கரங்களோடயும் பாக்கணும். எங்கயும் பீப் வரக் கூடாது.

8 பின் பிளக் இருந்தா ஒரு சுலபமான குறி: பின் 1 ஆரஞ்சு வயர். திருப்பி மாட்டினா பொதுவா ஒண்ணும் எரியாது. எஞ்சின் ஓடும், ஆனா எதிர்த் திசையில, விளக்கு எரியாம. "ஓடுது, ஆனா லைட் இல்லை"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேட்கிறது பிளக்கைத்தான்.

இன்னொண்ணு, இதை மறக்காதீங்க. சர்வீஸ் மோட்ல முகவரியே கிடையாது. டிராக்ல யார் நின்னாலும் கேக்கும். புரோகிராமிங் டிராக் தனியா பிரிக்கப்படாம மெயினோட ஒட்டியிருந்தா, ஒரு எஞ்சினுக்கு முகவரி மாத்தப் போய் யார்டுல நிக்கிற அத்தனை எஞ்சினுக்கும் அதே முகவரி ஆயிடும்.

சரி, டீகோடர் படிக்குது, எழுதுது. ஆனா எஞ்சின் சொன்ன பேச்சு கேக்கல. இங்க பாதிக் குழப்பம் சிவி 29ல. அது ஒரு எண் இல்ல, சுவிட்ச் போர்டு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு மதிப்பு, போட்டிருக்கிற சுவிட்சுகளோட மதிப்பைக் கூட்டினா வர்றதுதான் அந்த எண். 1 போட்டா திசை தலைகீழ். 2ன்னா 28 அல்லது 128 வேகப் படிகள். 4ன்னா டிசி டிராக்லயும் ஓடும். 16ன்னா வேக அட்டவணை. 32ன்னா நீண்ட முகவரி. பல டீகோடர்ல முதல்ல 6 இருக்கும், அதாவது 2ம் 4ம்.

நீண்ட முகவரி ஏன் முக்கியம்னா, நம்ம ஆட்கள் எஞ்சின் மேல இருக்கிற எண்ணையே முகவரியா வைக்க ஆசைப்படுவாங்க. இந்தியன் ரயில்வே எஞ்சின் எண் 5 இலக்கம். டிசிசி முகவரி 10239க்கு மேல போகாது, பல கன்ட்ரோலர்ல 9999தான் எல்லை. அதனால கடைசி 4 இலக்கம். எண் 22705ன்னு வெச்சுக்கங்க, முகவரி 2705. அதை 256ஆல வகுத்தா ஈவு 10, மீதி 145. ஈவோட 192 கூட்டி 202ஐ சிவி 17ல போடணும், 145ஐ சிவி 18ல. அப்புறம் சிவி 29ல 32ஐச் சேர்க்கணும், 6 இருந்தா 38 ஆகும். இந்தக் கடைசிப் படியை விட்டுட்டா எஞ்சின் இன்னும் 3க்குத்தான் பதில் சொல்லும். மாறாவும் நடக்கும்: 32 போட்ட நிலையில சிவி 1ஐ எத்தனை தடவை மாத்தினாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அது அந்தப் பெட்டியைத் திறந்தே பாக்கறதில்லை. இந்தக் கணக்கைக் கையால போட விருப்பமில்லைன்னா ஜேஎம்ஆர்ஐ மென்பொருள்ல டீகோடர்புரோ பண்ணிக் கொடுக்கும், இலவசம்தான். ஆனா ஒரு தடவையாவது பேப்பர்ல போட்டுப் பாருங்க.

வேகம் கூட்டக் கூட்ட ஹெட்லைட் எரிஞ்சு அணையுதா? டீகோடர் 14 படியில இருக்கு, கன்ட்ரோலர் 28ல பேசுது. 14 படி முறையில விளக்குக்கான பிட் வேகக் கட்டளைக்குள்ளயே இருந்தது. 28ல அதே பிட்டை வேகத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தர் வேகம்னு அனுப்பறதை இன்னொருத்தர் விளக்குன்னு படிக்கறார். சிவி 29ல 2ஐப் போட்டா சரியாயிடும்.

பவர் போட்ட உடனே எஞ்சின் தலைதெறிக்க ஓடுதா? அந்த 4 சுவிட்ச். ஒரு கணம் சிக்னல் குழம்பினா டீகோடர் "ஓ, இது டிசி டிராக் போல"ன்னு நினைச்சுக்கும், முழு வோல்டேஜ்ல பாய்ஞ்சுடும். மேஜை விளிம்புல இருந்து கீழே விழற எஞ்சின்ல பல இப்படித்தான். டிசிசில மட்டும் ஓட்டறீங்கன்னா 4ஐக் கழிச்சுடுங்க: 6 இருந்தா 2, 38 இருந்தா 34.

ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, ஆனா நகரவே மாட்டேங்குதா? சிவி 19. எப்பவோ ரெண்டு எஞ்சினைச் சேர்த்து ஓட்டினப்போ போட்ட கூட்டு முகவரி அங்க தங்கியிருக்கும். 0 எழுதுங்க.

ரீசெட்டைப் பத்திக் கேக்கறீங்க. பல கம்பெனிகள்ல சிவி 8ல 8னு எழுதினா ஆரம்ப நிலைக்குப் போகும், சிலதுல வேற எண், மேனுவல்ல இருக்கும். நான் இதைக் கடைசி மருந்தாத்தான் வெச்சுக்கச் சொல்வேன். என்ன தப்பா இருந்ததுங்கற தடயமும் அதோட அழிஞ்சுடும். முதல்ல டீகோடர்புரோல எல்லா சிவியையும் படிச்சுச் சேமிச்சு வெச்சுட்டு அப்புறம் ரீசெட் பண்ணுங்க. படிக்கவே முடியலைன்னா? எழுதறதுக்குத் தலையாட்டல் கட்டாயமில்லை, கட்டளை பெரும்பாலும் போய்ச் சேர்ந்துடும், உறுதிதான் வராது. எரர் வந்தாலும் ரீசெட்டை எழுதிட்டு, பவரை நிறுத்திப் போட்டு, முகவரி 3ல கூப்பிட்டுப் பாருங்க. வயரிங்ல மல்டிமீட்டர் சுத்தம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இது.

அப்ப நிஜமாவே செத்துப் போனது எப்படித் தெரியும்? மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் உறை உப்பியிருக்கும், இல்ல கருகின வாசனை வரும். மோட்டார் வயர், லைட் வயர் எல்லாத்தையும் கழட்டிட்டு சிவப்பு, கறுப்பு ரெண்டை மட்டும் புரோகிராமிங் டிராக்ல கொடுங்க. அப்பவும் ஷார்ட்னு காட்டுச்சுன்னா, அது போயிடுச்சு. அப்படி இல்லாம வெறும் எரர் மட்டும் வந்தா, அந்த 100 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க.