கடலில் பிரித்த ஒளி, கண்ணாடியில் அளக்கும் ஒளி

நெரவி என்ற ஊரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல். அந்தக் கடலுக்கு நீலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்தே ஃபைபர் (ஒளியிழை) சோதனையின் கதையைத் தொடங்கலாம். வானத்து நீலம் நீரில் பட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான் என்றார் ராலே பிரபு. 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிய திருச்சிக்காரர் சி.வி.ராமன் அதை ஏற்கவில்லை. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். நிகோல் பட்டகத்தைத் திருப்பிப் பிடித்தால் அதை அடைத்துவிடலாம். அடைத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. அது நீரின் மூலக்கூறுகள் சிதறடித்த ஒளி என்று முடிவு செய்தார். ஆக, நம்மிடம் திரும்பி வரும் ஒளியில் எதிரொளிப்பு வேறு, சிதறல் வேறு. இரண்டையும் பிரிக்காமல் எதையும் அளக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

ஃபைபரிலும் இதே கதைதான். 1976-இல் அமெரிக்காவில் பார்னோஸ்கியும் ஜென்சனும் ஃபைபருக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் சிதறலைப் பதிவு செய்தார்கள். ஃபைபரைச் சோதிக்கும் இன்றைய ஓடிடிஆர் (OTDR) கருவிக்கு அதுவே வித்து. நேராக வெட்டிய ஃபைபர் நுனி காற்றைத் தொடும் இடத்தில் சுமார் 3.5 சதவீத ஒளி திரும்பும். முனையை 8 டிகிரி சாய்த்துத் தேய்த்த பச்சைக் கனெக்டரில், அது நல்லதாக இருந்தால், பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது. இந்த எதிரொளிப்பை ஓடிடிஆர் நேரடியாக அளப்பதில்லை. ஃபைபர் நெடுக வரும் சிதறலின் மட்டத்துக்கு மேல், எதிரொளிப்பு திரையில் காட்டும் முள் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. சிதறல்தான் அதற்குப் படி; படி கோணலானால் நெல்லளவு என்னாகும்? ஃபைபருக்கு ஏற்ற சிதறல் எண்ணைக் கருவியில் தவறாகக் கொடுத்தால், தசமப் புள்ளியோடு துல்லியமாகத் தவறான விடை வரும். அதைவிட மோசம், எதிரொளிப்பு மிகப் பலமானால் உணரி திணறி முள்ளின் தலை வெட்டுப்பட்டுவிடும். மிக மோசமான கனெக்டர் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

ராமனுக்கும் ஃபைபருக்கும் என்ன சம்பந்தம், ஊர்ப் பெருமைதானே என்று கேட்கலாம். ஓடிடிஆர் அவர் கண்டது அல்ல. அது நம்பியிருக்கும் சிதறலுக்குக்கூட ராலேயின் பெயர்தான். நான் சொல்வது முறையை மட்டும். தொடர் ஒளி அனுப்பி அளக்கும் இன்னொரு கருவியில், சோதிக்கும் கனெக்டருக்கு அப்பால் ஃபைபரை மெல்லிய உருளையில் இறுக்கிச் சுற்றுகிறார்கள். வளைவில் ஒளி கசிந்துபோக, தொலைவிலிருந்து எதுவும் திரும்பாது. பட்டகம் செய்த வேலைதான். ஒளி இழப்பு (லாஸ்) குறைவாக இருந்தால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. போதாது. லாஸ் குறைவான கனெக்டரும் ஒளியைத் திருப்பி லேசரைக் கலைக்கலாம். அந்த ஒளி ஓடிடிஆர் கருவியின் கனெக்டருக்கும் தொலைவிலுள்ள இணைப்புக்கும் நடுவே மோதி மோதித் திரும்பினால், கருவியிலிருந்து 2 கிலோமீட்டரில் உள்ள இணைப்பு 4 கிலோமீட்டரிலும் ஒரு முள்ளைக் காட்டும். அந்த இடத்தில் லாஸ் இருக்காது. தோண்டினாலும் இணைப்பு இருக்காது.